நான்கு கோடுகள் போதா: ஊஜி ஈயை இனங்கண்ட வரலாறு

1980ஆம் ஆண்டு வரை கர்நாடகப் பட்டு வளர்ப்பாளர்கள் ஊஜி ஈயை அறிந்திருக்கவில்லை. வங்காளத்தில் அது பழைய பகை. மேற்கு வங்கத்திலிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு அவ்வாண்டு கர்நாடகத்துக்குள் நுழைந்த இந்த ஈ, பின்னர் தமிழகத்துக்கும் பரவியது.

தோற்றத்தில் இது வீட்டு ஈயின் பெரிய வடிவம் போன்றது. இரண்டின் மார்பிலும் நான்கு கருங்கோடுகள் உண்டு. எனவே கோடுகளை மட்டும் எண்ணுபவர் ஏமாறுவார். வேறுபாட்டை நுண்ணுறுப்புகளில் தேட வேண்டும். வீட்டு ஈயின் உணர்கொம்பில் உள்ள இழை இறகுபோல் கிளைத்திருக்கும். ஊஜி ஈயின் இழை வெறுமையானது. பின்காலின் அடிக்கு மேலே, மார்பின் பக்கவாட்டில், ஊஜி ஈக்குத் தடித்த மயிர்வரிசை ஒன்று உண்டு. வீட்டு ஈக்கு அது இல்லை. இத்தகைய மயிர்வரிசை இறைச்சி ஈக்களுக்கும் உண்டு. ஆனால் மார்பின் பின்முனைத் தகட்டுக்குக் கீழே புடைத்து நிற்கும் மேடு, ஊஜி ஈயை டக்கினிடே குடும்பத்தில் உறுதியாகச் சேர்க்கிறது. அக்குடும்பத்து ஈக்களின் புழுக்கள் பிற பூச்சிகளின் உடலுக்குள் வளர்பவை.

'ஊஜி' என்பது புழுவைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். ஜப்பானில் அப்பெயர் பெற்ற ஈயும் டக்கினிடே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் இனம் வேறு. அது மல்பெரி இலையில் மிகச் சிறிய முட்டைகளை இடும். இலையைத் தின்னும் பட்டுப்புழு முட்டையையும் விழுங்கிவிடும். இந்திய ஊஜி ஈயோ புழுவின் தோல்மீதே வெண்ணிற முட்டையை ஒட்டிவைக்கும். முட்டை பொரிந்து புழு துளைத்து நுழைந்த இடத்தில் கருந்தழும்பு நிற்கும். இளம்பருவத்தில் தாக்குண்ட பட்டுப்புழு கூடு கட்டாமலே மடியும். பிந்தித் தாக்குண்டது கூடு கட்டினாலும், ஈயின் புழு அதைத் துளைத்து வெளியேறும். துளைபட்ட கூட்டிலிருந்து அறுபடாத இழையை எடுக்க இயலாது.

பெயர் ஒன்றாயிருப்பதால் பரிகாரமும் ஒன்றாகிவிடாது. இலைவழி வரும் முட்டையை வளர்ப்பு மனையின் வலை தடுக்காது. புழுவைத் தேடிப் பறந்துவரும் ஈயைத் தடுக்கும். ஆகவேதான் கர்நாடகத்தில் சன்னல்களுக்கு நைலான் வலை முதற்காப்பாயிற்று. ஈயின் கூட்டுப்புழுவைத் தாக்கும் நெசோலின்க்ஸ் தைமஸ் என்னும் சிறு குளவியும் துணைசேர்ந்தது.

அறிவியல் பெயரும் நிலையாக நின்றதில்லை. டிரைகோலிகா பாம்பைசிஸ், எக்சோரிஸ்டா சார்பில்லன்ஸ், எக்சோரிஸ்டா பாம்பைசிஸ் என ஒரே பகையைப் பற்றிய ஆய்வுகள் பல பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. பெங்களூருவின் பட்டு ஆய்வேடுகளைப் படிக்கும் மாணவர் ஒரு பெயரை மட்டும் தேடினால், வரலாற்றின் ஒரு பகுதியே கைக்கு எட்டும்.