ஆபரேஷனுக்கு முன் குளிருதா? தயங்காம சொல்லிடுங்க!

மே மாத மதிய வெயிலில், ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவரிடம் போய், 'உடம்புச் சூடு குறைஞ்சா ஆபத்து' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். ஆனால், அதே வெயில் நாளில்கூட ஆபரேஷன் தியேட்டருக்குள் இருப்பவரின் உடல் வெப்பம் இறங்கிவிட முடியும். குடல்வால் ஆபரேஷனோ, பைக் விபத்தோ, இளம் வயதினருக்கும் இந்த நிலை வரலாம். அதனால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் குறைகிறது?

உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். குளிர்ந்தால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், உடம்பு நடுங்கும். சூட்டைக் காப்பாற்ற நம் உடல் செய்யும் வேலைகள் இவை. முழு மயக்க மருந்து இந்த இரண்டையும் கட்டுப்படுத்திவிடுகிறது. ரத்தக்குழாய்கள் விரிந்து, நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த சூடு கை, கால்களுக்குப் பரவிவிடும். இதனால் முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை குறையலாம். அதோடு ஏ.சி குளிரும், சூடாக்காத டிரிப்ஸும் சேர்ந்துகொள்ளும். 36 டிகிரிக்குக் கீழே போனால் அது 'ஹைப்போதெர்மியா'.

ஒரு டிகிரிதானே?

அப்படி விட்டுவிட முடியாது. ரத்தம் உறைவது பாதிக்கப்படும், மயக்கம் தெளியத் தாமதமாகும், காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு கூடும். 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரைக் கவனித்தார்கள். உடல் சூடு காக்கப்பட்டவர்களில் 6 சதவிகிதம் பேருக்குத்தான் காயத்தில் தொற்று வந்தது. சூடு குறைந்தவர்களிலோ அது 19 சதவிகிதம். விபத்தில் ரத்தம் இழந்து வருபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். உடம்பு குளிரக் குளிர, ரத்தப்போக்கை நிறுத்துவதும் கஷ்டமாகும்.

என்ன செய்வார்கள்?

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே உடம்பைச் சூடாக்குவது முக்கியமான வழி. வெதுவெதுப்பான காற்று செலுத்தப்படும் போர்வையைப் போர்த்துவார்கள். டிரிப்ஸையும் ரத்தத்தையும் சூடாக்கி ஏற்றுவார்கள். 30 நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்க்க வேண்டும், அவசர ஆபரேஷன் தவிர மற்றவற்றில் 36 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் மயக்க மருந்து கொடுக்கத் தொடங்கக் கூடாது என்கிறது பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வார்டில் காத்திருக்கும்போது சாக்ஸும் போர்வையும் பயன்படுத்துங்கள். தியேட்டருக்குள் எதை அனுமதிப்பார்கள் என்று நர்ஸிடம் கேளுங்கள்.

* முன்பரிசோதனையின்போது, 'உடம்பு சூடு குறையாம இருக்க என்ன செய்வீங்க?' என்று மயக்கவியல் டாக்டரிடமே கேட்கலாம்.

* குழந்தைகள், முதியவர்கள், ஒல்லியானவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

* நீங்களாக வெந்நீர் பை வைக்காதீர்கள். மரத்துப்போன இடத்தில் சுட்டாலும் தெரியாது.

* ஆபரேஷன் முடிந்து நடுக்கம் வந்தால், கூட இருப்பவர்கள் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

'இதைப் போய் எப்படிச் சொல்றது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். மயக்கம் வந்த பிறகு உங்களால் சொல்ல முடியாது. 'சிஸ்டர், குளிருது' என்று அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.