இலவசப் படகும் இல்லாத பற்றுச்சீட்டும்

காசு கொடுத்து வாங்கிய பொருள் பழுதானால் விற்றவரிடம் போய் நியாயம் கேட்கலாம். காசு கொடுக்காமல் கிடைத்த பொருள் பழுதானால் யாரிடம் கேட்பது? 2005இல் அம்பாறைக் கரையோரத்தில் எழுந்த இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் அதிகம் இல்லை. தேடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விபுலாநந்த அடிகள் பிறந்த ஊராகவே உலகெங்கும் உள்ள தமிழ் வாசகர்கள் காரைதீவை அறிவர். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர். இடையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடலை நம்பி வாழும் கரை இது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. தோணி, வலை, இயந்திரம், வாடி எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டிலேயே உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளைக் கொண்டு வந்து குவித்தன. கையளிப்பு விழாக்கள் நடந்தன, படங்கள் எடுக்கப்பட்டன. நானும் அவ்விழாக்களைச் செய்தியாக்கிய பத்திரிகையாளர்களில் ஒருவன்.

கண்ணாடியிழைப் படகு செய்வது எளிது போலத் தோன்றும். அச்சின் மேல் இழைப்பாயை அடுக்கடுக்காக விரித்து, பிசினை ஊற்றி, காற்றுக்குமிழ் போக உருளையால் அழுத்த வேண்டும். அடுக்கு ஒன்று குறைந்தால் படகு அலையில் வளையும். பிசினை இறுகச் செய்யும் இரசாயனத்தின் அளவு பிசகினால் வெடிக்கும். இயந்திரம் பூட்டும் பின்பலகைக்குள் நீர் புகுந்தால் மரம் ஊறி உளுத்துப் போகும். ஆனால் இவை எல்லாவற்றையும் வெளியே பளபளக்கும் வண்ணப்பூச்சு மூடிவிடும். பேரலைக்குப் பின் தேவை பெருகியதால் அனுபவமற்றவர்களும் படகு கட்டத் தொடங்கினர். புதிய படகுகளில் ஒரு பகுதி தரமற்றது என்றும், சிறு படகுகள் தேவைக்கு மேல் வழங்கப்படுகின்றன என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய அமைப்பு எச்சரித்தது. தமிழ்நாட்டுக் கரையிலும் இதே முறையீடு எழுந்தது.

படகு வெடித்தவர் எங்கே போவது? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஆங்கிலேயர் தம் நாட்டில் 1893இல் இயற்றியதைப் பின்பற்றியது. பொருள் தரமானதாக இருக்க வேண்டும் என்ற கடப்பாடு அதில் உண்டு. ஆனால் அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது. இங்கே வாங்கியது உதவி நிறுவனம். கடற்றொழிலாளி அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர். அவர் கையில் இருந்தது கையளிப்புச் சான்றிதழ், பற்றுச்சீட்டு அல்ல.

இதே சிக்கல் 1928 ஆகஸ்ட் 26இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் எழுந்தது. மே டொனஹியூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். போத்தலில் இருந்து அழுகிய நத்தை விழுந்ததாகவும், தாம் நோயுற்றதாகவும் டொனஹியூ முறையிட்டார். காசு கொடுத்தவர் தோழி. ஆகவே கடைக்காரர் மீது ஒப்பந்த உரிமை இவருக்கு இல்லை. போத்தலோ உள்ளே இருப்பது தெரியாத கருங்கண்ணாடி. (வண்ணப்பூச்சுக்கு அடியில் இருந்த இழையடுக்கு நினைவுக்கு வருகிறதல்லவா?) 1932 மே 26இல் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது: இறுதியில் பயன்படுத்துபவர் மீது உற்பத்தியாளருக்குக் கவனக் கடப்பாடு உண்டு. அட்கின் பிரபுவின் ‘அயலார்’ கோட்பாடு பிறந்தது இவ்வழக்கில்தான்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம், வணிகரோ உற்பத்தியாளரோ கைம்மாறு பெற்று வழங்கும் பொருளைப் பயன்படுத்துபவரையும் பயன்படுத்தக் கூடியவரையும் நுகர்வோர் என்கிறது. கைம்மாற்றைத் தந்தவர் அவராகவே இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஈழத்துப் பத்திரிகைகளில் நாங்கள் நெடுங்காலம் எழுதி வந்த ‘பாவனையாளர்’ என்ற சொல்லும் வாங்குபவரை அல்ல, பாவிப்பவரையே குறிக்கிறது. என் வாசிப்பில், காரைதீவுக் கடற்றொழிலாளி இச்சட்டத்தின் படலைக்குள் நுழைய இடமிருந்தது. நட்டஈடு வழங்கவும், பொருளை மாற்றிக் கொடுக்கவும், பணத்தைத் திருப்பித் தரவும் கட்டளையிடும் அதிகாரம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு உண்டு. ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போதுதான் படகின் பலவீனம் தெரியும். சித்திரையில் கிடைத்த படகின் குறை கார்த்திகையில் வெளிப்பட்டால் சட்டம் என்ன செய்யும்?

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. வாங்கியவரின் சம்மதத்துடன் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று இந்தியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே சொன்னது. சுயதொழில் மூலம் பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளைப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்ற விளக்கத்தை 1993ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. காலக்கெடுவும் இரண்டு ஆண்டுகள். ஒரே அலை அடித்த இரு கரைகள். நாகப்பட்டினத்து மீனவருக்குச் சட்டம் தந்த அவகாசம் காரைதீவு மீனவருக்கு இல்லை.

உரிமை இருந்தாலும் தடுத்தது வேறொன்று என்பதையும் சொல்ல வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் வழக்கு. குறை சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள், அடுத்த உதவிப் பட்டியலில் பெயர் விடுபடும் என்ற அச்சம் கரையில் இருந்தது. அந்த மௌனத்தால் தப்பித்தவர் படகு கட்டியவர். அவர் முழு விலையையும் பெற்றுக்கொண்டார். கொடையாளி வெளிநாட்டில், திட்டக்காலம் முடிந்ததும் அலுவலகமும் மூடப்பட்டது. நான் பார்த்த படகுகளில் கொடுத்தவரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கட்டியவரின் பெயரைத் தேட வேண்டியிருந்தது.

டொனஹியூவின் போத்தலில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை விசாரிக்கப்படவில்லை. உற்பத்தியாளர் ஸ்டீவன்சன் இறந்த பின், 1934இல் 200 பவுணுக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. ஆனால் அந்தப் போத்தலில் உற்பத்தியாளர் யாரென்று தெரிந்திருந்தது.