தேற்ற வரிசையின் மாற்றம்

இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள் சமமென நிறுவ, உச்சிக்கோணத்தை இருகூறிடும் கோட்டை வரைக என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். நிறுவல் சில வரிகளில் முடிந்துவிடும். கி. மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட்டோ, பக்கங்களை நீட்டிச் சுற்றுவழியாகவே இதனை நிறுவினார். காரணம் யாது? அவர் நூலின் முதற் புத்தகத்தில் இது 5ஆம் தேற்றம். கோணத்தை இருகூறிடுதல் 9ஆவது. அது 8ஆவதையும், 8ஆவது 7ஆவதையும், 7ஆவது இந்த 5ஆவதையுமே பற்றி நிற்கின்றது. இருகூறாக்கியை முன்னரே கொணரின், தருக்க நூலார் சக்கரகம் எனக் கடியும் குற்றம் நேரும்.

இங்கிலாந்துப் பாடசாலைகளில் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இவ்வரிசையே ஆட்சி செலுத்திற்று. பொருளுணராது எண்ணையும் சொல்லையும் மனனஞ் செய்தோர் பலர். 1871இல் ஆசிரியர் சங்கமொன்று சீர்திருத்தம் வேண்டி எழுந்தது. 1901இல் ஜோன் பெரி கிளாஸ்கோவில் ஆற்றிய உரை அதற்கு வலுவூட்டியது. 1903இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முறைப்பட அமைந்த எவ்வரிசையையும் ஏற்க இசைந்தது. 1880 முதல் கேம்பிரிட்ஜ்ப் பரீட்சைகள் நடைபெற்ற இலங்கைக்கும் இது அயற்செய்தியன்று. புதிய நூல்கள் பல சமாந்தரக் கோடுகளை முன்வைத்தன. யூக்கிளிட்டு அவற்றுக்குரிய எடுகோளை 29ஆம் தேற்றம்வரை தொடவேயில்லை.

மாணவனின் சுமை குறைந்தது நன்றே. எனினும், எது எதன்மேல் நிற்கின்றதென்னும் வினா வகுப்பறையில் அருகிவிட்டது. இருகூறாக்கி உண்டென்பதை எடுகோளாகக் கொள்ளலாம். கொண்டோமென்று சொல்லல் வேண்டும். கி. பி. 4ஆம் நூற்றாண்டினரான பப்பசு ஒரு கோடும் வரையவில்லை. முக்கோணியைப் புரட்டி அதனோடேயே ஒப்பிட்டார். 4ஆம் தேற்றமொன்றே அவருக்குப் போதியதாயிற்று.