காசு கொடுத்துக் கடலில் குளித்த கதை

 சென்ற மாத உரையில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். மிச்சக் கதை எங்கே என்று நிலையத்துக்கு அழைத்துக் கேட்டவர்களுக்காக, சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கடந்த ஏப்ரல் விடுமுறையில், பிள்ளைகளின் கரைச்சல் தாங்காமல், நியூ ஜேர்சியின் பேயோன் துறைமுகத்திலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குப் போகும் உல்லாசக் கப்பலில் ஏறினோம். அம்மாவும் கூட வந்தா. கப்பல் என்று சொன்னாலும் உள்ளே போனால் அது ஒரு பட்டினம். கடலைப் பார்க்காமலே ஒரு கிழமையை அதற்குள் கழித்துவிடலாம். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது.

நாசோ துறையில் இறங்கும் நாளுக்கு மகள் முன்கூட்டியே ஒரு சுற்றுலாவுக்குப் பதிந்து வைத்திருந்தாள். சிறு படகில் பவளப்பாறைப் பக்கம் கொண்டுபோய், முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் தந்து தண்ணீரில் விடுவார்கள். ஆமை, திருக்கை, அதிர்ஷ்டமிருந்தால் சுறா. இத்தனை டொலர் என்று கணக்குச் சொன்னோம். அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டா: "காசு குடுத்தோ கடலுக்குள்ள இறங்கப்போறியள்? எங்கட ஆக்கள் இறங்கினதுக்கு அவனெல்லோ காசு தந்தவன்!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அம்மா பகிடிக்குச் சொல்லவில்லை. அவ பேசாலையில் பிறந்தவ. அவவின் பாட்டனார் 1925ஆம் ஆண்டு மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களில் ஒருவர். இலங்கைப் பக்கத்தில் கடைசிக் காலத்தில் நடந்த முத்துக்குளிப்புகளில் அது ஒன்று. பிறகு அவர் சங்கு குளித்தே சீவித்தார். நம் பேச்சில் 'குளித்தல்' என்ற சொல்லுக்கு மூழ்கி எடுத்தல் என்றும் பொருள் இருப்பது, நியூ ஜேர்சியில் பிறந்த என் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் தொடங்குவதற்கு முன், மாசி முதல் சித்திரை வரை, மன்னார் வளைகுடா குளம்போலக் கிடக்கும். சிப்பி விளையும் கடலடி மேடுகளைப் 'பார்' என்பார்கள். சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகளில் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே முளைக்கும். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், மன்னார் யாழ்ப்பாண ஆட்கள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகள் என்று எல்லோரும் அங்கே கூடுவார்கள். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் சுமார் 5000 பேர் குளித்தார்கள். அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது.

படகுகள் நடுச்சாமத்தில் கரைக்காற்றோடு புறப்பட்டு விடியப் பாருக்குப் போய்ச் சேரும். குளிப்பவர் முப்பது நாற்பது இறாத்தல் கல்லில் காலை வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். அரபிகள் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டுவார்கள். ஆழம் ஐந்து முதல் ஒன்பது பாகம். ஒரு நிமிடம்வரை கீழே நின்று, அகப்பட்ட சிப்பியைக் கூடையில் அள்ளிக் கயிற்றை இழுத்தால் மேலே உள்ளவர் தூக்கிவிடுவார். கண்ணாடி இல்லை, குழாய் இல்லை. உயிர் அந்தக் கயிற்றில்தான். அதனால் மனைவியின் சகோதரனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்களாம். தன் அக்காவோ தங்கச்சியோ தாலியறுப்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் அல்லவா? இது அம்மா சொன்ன விளக்கம்.

மத்தியானம் கடற்காற்றோடு கரைக்குத் திரும்பினால் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும். இரண்டு அரசாங்கத்துக்கு. ஒன்று குளித்தவருக்கு. அந்த ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறவர் அரசாங்க அதிகாரி. ஆகவே 'அவன் காசு தந்தான்' என்று அம்மா சொன்னது முக்கால்வாசி சரி. நம்மவர் எடுத்ததில் மூன்றிலொரு பங்கை நம்மவருக்கே தந்தான் என்பதே சரியான கணக்கு.

சுறாவுக்கு என்ன செய்தார்கள் என்று மகன் கேட்டான். அதற்கு ஒரு ஆள் இருந்தார். அவர் பெயர் கடல்கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோவும் இதை எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்காம். இரவில் களவாக யாரும் குளிக்கக்கூடாதென்று பொழுதுபட்டதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். பொலிஸ் வேலையையும் சுறாவிடமே ஒப்படைத்திருக்கிறார்கள்!

இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் பெரிய அதிகாரியாக இருந்த எமர்சன் ரெனன்ற், 1861இல் வெளியிட்ட நூலில் இந்தக் கடல்கட்டி பற்றி எழுதியிருக்கிறார். அந்தத் தொழில் பரம்பரையாக வருவது. ஆனால் அப்போதைய தலைமைக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர். சுறாக்கள் வேதம் பார்ப்பதில்லைப் போலும். ரெனன்ற் போன நேரம் அவர் சுகமில்லாமல் படுத்திருந்தார். பதிலுக்கு வந்தவர், தனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது, ஆனால் பெரியவருடைய பிரதிநிதி என்பதால் சுறாக்கள் தன்னை மதிக்கும் என்று சொன்னாராம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர் கரையில் நில்லாவிட்டால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். அப்படியானால் அவர் கட்டியது மனிதரின் பயத்தை. அதுவும் ஒரு தொழில்தான்.

நாசோவில் எங்களைக் கொண்டுபோன படகின் வகைப் பெயர் 'கற்றமறான்'. நம்முடைய கட்டுமரம்தான். கரீபியன் கடலில் கொள்ளைக்காரரோடு திரிந்த வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் அந்தச் சொல் வழங்குவதை 1697இல் அச்சான தன் பயண நூலில் எழுதி ஆங்கிலேயருக்கு அறிமுகம் செய்தார். இப்போது இரட்டை உடம்புப் படகுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். 'கனோ' என்ற சொல்லோ கரீபியன் பழங்குடிகளின் சொல். அதை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தியது கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணம். இரண்டு கடலோர மக்களின் சொற்கள் ஒரே சுற்றுலாப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

படகோட்டி பஹாமாஸ் இளைஞர். 2011 முதல் தங்கள் நாட்டில் சுறாவை வியாபாரத்துக்குப் பிடிப்பது தடை என்று பெருமையாகச் சொன்னார். ஆமைக்கு 2009 முதல் தடை. அவருடைய முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுக்கு முதல் இங்கே இருந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். "ஒருவரும் மிஞ்சவில்லை" என்றார்.

அவர்களுக்கு லுக்காயர் என்று பெயர். 1492 ஒக்டோபர் 12ஆம் திகதி கொலம்பஸ் முதன்முதலாகக் கண்ட அமெரிக்க மக்கள் அவர்கள்தான். அந்தத் தீவுகளில் அப்போது சுமார் 40,000 பேர் இருந்திருப்பார்கள் என்பது ஆய்வாளரின் ஒரு மதிப்பீடு. தங்கம் அங்கே இல்லை. ஆகவே ஸ்பானியர் மனிதரையே பிடித்துப் போனார்கள். 1509 முதல் அரசனின் அனுமதியும் கிடைத்தது. செத்துப்போன உங்கள் உறவினர் இருக்கும் தேசத்துக்குக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லி ஏற்றினார்கள் என்று அக்காலத்தில் வாழ்ந்த பீற்றர் மார்ட்டிர் எழுதியிருக்கிறார். இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கடலோரத்தில் நிற்கும் மனிதனைப் படகில் ஏற்றுவதற்கு என்னவெல்லாம் சொல்லலாம்!

முதலில் ஒரு லுக்காயரின் விலை நான்கு பெசோ. வெனிசுவேலாக் கரைக்கு அண்மையில் கியூபாகுவா என்ற சிறு தீவில் முத்துச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டதும் விலை நூறு, நூற்றைம்பது பொற்பெசோ என்று ஏறியது. காரணம் ஒன்றே ஒன்று. அவர்கள் நன்றாக மூழ்கத் தெரிந்தவர்கள். சங்கு எடுத்துச் சீவித்தவர்கள். அந்தத் தேர்ச்சியே அவர்களுக்கு எமனாக வந்தது. வீட்டிலிருந்து சுமார் 2000 கிலோமீற்றருக்கு அப்பால், குடிதண்ணீர்கூட இல்லாத தீவில், விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை மூழ்கவைத்தார்கள். மேலே வந்து மூச்சுவிடத் தாமதித்தால் அடி. பார்த்தலோமே தே லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் 1552இல் அச்சிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். வாயால் இரத்தம் வந்து செத்தவர்கள், சுறா கொண்டுபோனவர்கள், கறுத்த முடி கருகிக் கடல்நாயின் முடிபோல ஆனவர்கள், முதுகில் உப்புப் பூத்தவர்கள். (அந்தக் கடல்நாயும் இப்போது இல்லை. கரீபியனில் அது கடைசியாகக் காணப்பட்டது 1952இல்.)

1520 அளவில் பஹாமாஸ் வெறிச்சோடிவிட்டது. கியூபாகுவாவில் 1528இல் நகர அந்தஸ்துப் பெற்ற நுவேவா காதிஸ் பட்டினமும் நிலைக்கவில்லை. சிப்பி தீர்ந்துபோக, 1541இல் அடித்த புயலோடு அதன் கதை முடிந்தது. பஹாமாஸில் மறுபடி ஆங்கிலேயக் குடியேற்றம் தொடங்கியது 1648இல். நூற்றுக்கு மேற்பட்ட வருடங்கள் அந்த நீலக் கடலில் குளிக்க அநேகமாக ஒருவருமே இல்லை.

நம்மவர் கதையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. மன்னாரில் குளித்தவர் கூலியாளாக இருந்தாலும் பருவம் முடிய வீட்டுக்குப் போனார். பங்கை விற்றார். சண்டை பிடித்துப் பேரம் பேசினார். ஆனால் சிப்பி தீர்ந்த கதை மட்டும் இரண்டு கடலிலும் ஒன்றுதான். 1906இல் இலங்கை அரசாங்கம் முத்துப் பார்களை ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு லண்டன் கம்பனி ஒன்றுக்கு இருபது வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. சில வருடங்களிலேயே சிப்பி இல்லாமல் போய்க் கம்பனி கலைந்தது. பிறகு 1925இல் ஒரு முறை குளித்தார்கள்.

மனிதர் இல்லாமல் போனது அதற்குப் பிறகு, வேறு காரணத்தால். 1990இல் சண்டை மறுபடி மூண்டதும் நாங்கள் பேசாலைக் கரையில் இரவு படகேறினோம். எனக்குப் பதின்மூன்று வயது. விடிவதற்குள் இராமேசுவரப் பக்கத்து மணல் தீடை ஒன்றில் இறக்கிவிட்டார்கள். பிறகு மண்டபம் முகாம். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சிலாவத்துறை, முசலிப் பக்கத்து ஆட்கள் பலர் புத்தளத்து முகாம்களுக்குப் போனார்கள். ஒரே பாரில் குளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கமாகச் சிதறினார்கள். நம் கூட்டங்களில் முதல் பகுதியைப் பேசுகிறோம், இரண்டாவது பகுதியைப் பேசுவது குறைவு. அதனால் இங்கே எழுதுகிறேன். 2007 செப்ரெம்பரில் அரச படை சிலாவத்துறையைப் பிடித்தபோது மிச்சமிருந்தவர்களும் எழும்பினார்கள். முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை இன்று இடிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. யுத்தம் முடிந்தபின் இரு சமூகத்திலும் திரும்பிப் போனவர்கள் உண்டு. நாங்கள் போகவில்லை.

அந்தப் படகு இரவுக்குப் பிறகு அம்மா கடலில் கால் நனைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான். இங்கே கோடையில் பொயின்ற் பிளசன்ற் கரைக்குப் போனாலும் மணலில் இருந்து குளிர்பெட்டிக்குக் காவல் இருப்பேன். நாசோவிலும் அப்படியே இருக்க நினைத்தேன். மகள் முகக் கண்ணாடியை நீட்டி, "அப்பா, நீங்களும் வாங்கோ" என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவ ஒரு கையால் படகின் கம்பியைப் பிடித்திருந்தா. "இறங்கு தம்பி. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றா.

இறங்கினேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. என் மூச்சே பெரிய இரைச்சலாகக் காதில் கேட்டது. பிறகு கண் தெளிந்தது. வெள்ளை மணலில் திருக்கை ஒன்று உடம்பைப் புதைத்துக் கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தது. சீலா மீன் ஒன்று அசையாமல் நின்று எங்களை அளந்துபார்த்தது. பாறைக்கடியில் சுறா ஒன்று படுத்திருந்தது. பகலில் தூங்கும் வகை, ஒன்றும் செய்யாது என்று படகோட்டி முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் கடல்கட்டி ஒருவர் படகில் இருந்தால் நல்லது என்று பட்டது. கடற்புல் மேட்டில் ஆமை ஒன்று மாடுபோல மேய்ந்துகொண்டிருந்தது. மகள் படம் எடுத்தாள்.

மேலே வந்ததும் அம்மா துவாயைத் தந்துவிட்டுக் கேட்டா: "அடியில என்ன கண்டனி?"

"ஆமை அம்மா."

"பேராமையோ, அழுங்காமையோ?"

எனக்குத் தெரியவில்லை. மகள் கமராவைக் காட்டினாள். அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"பேராமை. அழுங்காமை எண்டால் முதுகில ஓடு ஒண்டுக்குமேல ஒண்டு ஏறிக் கிடக்கும், கூரைக்கு ஓடு போட்டமாதிரி. அதோட இது புல்லுத் தின்னுது பார்." பிறகு பேத்தியைப் பார்த்து, "இன்னொருக்கா இறங்கப்போறியோ?" என்று கேட்டா.