சூரியசக்தியும் பொதுச்சுமையும்: ஜேர்மனிய அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

ஞாயிற்றின் ஒளிக்கு விலையில்லை. அதனை மின்னாக்கும் கருவிகளுக்கு விலையுண்டு. நிலக்கரியால் மின் உற்பத்தி செய்வோர் எரிபொருளின் விலையை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலுத்துவர். கூரைமீது சூரியகலத் தகடுகளைப் பொருத்துவோரோ இருபது ஆண்டுகளுக்கான மின்னின் விலையிற் பெரும்பகுதியை முதல்நாளிலேயே செலுத்திவிடல் வேண்டும். இம்முதற்செலவை யார் தாங்குவது என்பதே சூரியசக்தியின் பொருளாதார வரலாற்றின் மையவினா எனலாம். இவ்வினாவுக்குச் சட்டத்தின் வாயிலாக விடைகாண முற்பட்ட நாடுகளுள் ஜேர்மனி முதன்மையாக எண்ணத்தக்கது.

1990இல் தொடங்கிய ‘ஆயிரம் கூரைகள்’ திட்டம் நேரடி மானியத்தை அடிப்படையாகக் கொண்டது. மத்திய அரசும் மாநிலங்களும் செலவின் ஏறத்தாழ 70 சதவீதத்தை ஏற்றன. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் தகடுகள் அமைந்தன. ஆயின் மானியம் அரசின் கருவூலத்தை நம்பியிருந்தமையால், கருவூலம் கைவிரித்ததும் வளர்ச்சி தளர்ந்தது. 1991 சனவரியில் நடைமுறைக்கு வந்த மின்வழங்கற் சட்டம் மின்கம்பனிகள் இவ்வகை மின்னைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்யவேண்டுமென விதித்தது. எனினும் சூரிய மின்னுக்கு அலகொன்றுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 17 பெனிக். உற்பத்திச் செலவோ இரண்டு மார்க்கை அண்மித்திருந்தது. காற்றாலைகளுக்கு உதவிய அச்சட்டம் கூரைகளுக்கு உதவவில்லை.

இக்குறையை நிவர்த்திசெய்யும் வழி தலைநகரிலன்றி ஆகன் என்னும் நகரிலே உருவானமை குறிப்பிடத்தக்கது. ஒரு பொருளின் உற்பத்திச் செலவு இரண்டு மார்க்காயின் அதனையே விலையாக வழங்கி, அச்சுமையை எல்லா மின்பாவனையாளர்மீதும் பகிர்ந்துவிடலாம் என்பதே அங்கு எழுந்த கருத்து. 1995இல் அந்நகரம் அதனை நடைமுறைப்படுத்தியது. ஹேர்மன் ஷேயர், ஹான்ஸ் யோசப் பெல் முதலிய பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் 2000 ஏப்ரலில் அது நாடளாவிய சட்டமாயிற்று. அலகொன்றுக்கு 99 பெனிக் இருபது ஆண்டுகளுக்கு உறுதிசெய்யப்பட்டது. 2002 முதல் புதிதாக அமைவனவற்றுக்கு அவ்விலை ஆண்டுதோறும் 5 சதவீதத்தாற் குறையும் எனவும் விதிக்கப்பட்டது. முன்னைய ஏற்பாடு வங்கிகளுக்குக் கடன்வழங்கும் நம்பிக்கையை அளித்தது. பின்னையது உற்பத்தியாளரை விலை குறைக்குமாறு நெருக்கியது. 1999 முதல் 2003 வரை வழங்கப்பட்ட குறைந்த வட்டிக்கடன்களும் இதற்குத் துணைநின்றன.

இனி இதன் மறுபக்கத்தை நோக்குவோமாயின், 2004இல் சுற்றாடல் அமைச்சர் யூர்கன் திரிற்றின் இச்சட்டத்தால் ஒரு குடும்பத்துக்கு ஏற்படும் மாதச்செலவு ஒரு கரண்டி ஐஸ்கிறீமின் விலையளவே என்றார். 2010 தொடக்கம் 2012 வரை ஆண்டொன்றுக்கு 7000 மெகாவாற்றுக்கு மேற்பட்ட தகடுகள் பொருத்தப்பட்டன. சீனத் தொழிற்சாலைகளின் பேருற்பத்தியால் தகட்டின் விலை சட்டத்தின் எதிர்பார்ப்பையும் மிஞ்சி வீழ்ந்தது. காற்று, உயிர்த்திணிவு முதலியவற்றையும் உள்ளடக்கிய மேலதிக அறவீடு 2017இல் அலகொன்றுக்கு 6.88 சதமாயிற்று. ஆண்டுக்கு 3500 அலகு பாவிக்கும் குடும்பத்துக்கு இது 240 யூரோ. மாதத்துக்கு இருபது யூரோ.

இச்சுமை சமமாகப் பகிரப்படவில்லை என்பதே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. கூரையுடையோர் உறுதியான வருவாயைப் பெற்றனர். நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் கருவியை இடையில் மாற்றுதல், காப்புறுதி, பராமரிப்பு ஆகிய செலவுகள் அவர்களுக்கிருந்தபோதிலும் அவை முன்கூட்டியே கணிக்கத்தக்கனவாயிருந்தன. ஜேர்மனியக் குடும்பங்களிற் பாதிக்கு மேற்பட்டவை வாடகைவீடுகளில் வாழ்பவை. சொந்தக் கூரையற்ற அவர்களும் அறவீட்டைச் செலுத்தினர். மின்செறிவுமிக்க பெருந்தொழில்கள் சலுகை பெற்றமையால் அவற்றின் பங்கும் ஏனையோர்மீது ஏறியது.

இவற்றைக் கொண்டு அச்சட்டம் தோல்வியுற்றதெனக் கூறல் பொருந்தாது. 2012இல் புதிய கூரைமின்னுக்கு வழங்கிய விலை, குடும்பங்கள் வாங்கும் மின்னின் விலையிலும் தாழ்ந்துவிட்டது. உலகின் ஏனைய நாடுகள் இன்று மலிவாகப் பெறும் தகட்டின் ஆரம்பவிலையில் ஒருபகுதியை ஜேர்மனியப் பாவனையாளரே செலுத்தினர் எனல் மிகையன்று. 2022 யூலையில் அறவீடு நீக்கப்பட்டுச் சுமை அரச நிதிக்கு மாற்றப்பட்டது. ஆகவே சுமை மறையவில்லை. அதனைத் தாங்கும் தோளே மாறியது. ஊக்குவிப்பு எதுவும் இலவசமன்று. அதன் நியாயம், எவ்வளவு வழங்கப்படுகிறது என்பதிலன்றி, எவரிடமிருந்து பெறப்படுகிறது என்பதிலேயே தங்கியுள்ளது.