கொஸ்லந்தத் தோட்டத்து நாய்கள்

பெரகலையைக் கடந்து வெல்லவாயச் சமவெளியை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் நெடுஞ்சாலையில், தியலும நீர்வீழ்ச்சியை எட்டுவதற்குச் சில கல் தொலைவு முன்னதாக அமைந்திருக்கும் கொஸ்லந்த, நுவரெலியாவின் நடுக்கும் குளிரும் சமவெளியின் வறட்சியும் இல்லாத மத்திய ஸ்தானம். 1869ஆம் ஆண்டில் தலைகாட்டிய இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பிப் பயிரைப் படிப்படியாக அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் குடிகள் ஊவா மலைகளில் வேரூன்றினர். தோட்டத் துரையின் பங்களாவிலும் நாய் இருந்தது. தொழிலாளியின் லயத்திலும் இருந்தது. ஆயினும் சரித்திரம் இவ்விரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

துரையின் நாய்க்குப் பெயர் உண்டு, வம்சம் உண்டு, புத்தகமும் உண்டு. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மலைக்காடுகளில் மரை வேட்டையாடினார்; அவ்வேட்டையைப் பற்றி அவர் எழுதிய நூலில் கில்பக், ஸ்மட், பிரான் முதலிய நாய்கள் தத்தம் குணவிசேஷங்களோடு நடமாடுகின்றன. விடியற்காலையில் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகும் வீட்டுக்காரியைப் பின்தொடர்ந்து மலையேறி, கொழுந்துக் கூடையருகே படுத்துக் கிடந்து, மாலையில் இஸ்தோப்பில் சுருண்டு, இரவில் மரக்கறிப் பாத்திக்கு வரும் பன்றியைக் குரைத்து விரட்டி, சிலவேளை சிறுத்தைக்கு இரையாகவும் போன லயத்து நாயைப் பற்றி எந்தத் துரையும் ஒரு பக்கம் எழுதியதாக நான் கண்டதில்லை.

அரசாங்கத்தின் பார்வை இந்த நாயின்மீது விழுந்ததற்கு அச்சமே காரணம். 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டம் கேட்பாரின்றித் திரியும் நாயைக் கொல்ல இடமளித்தது. 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. மிருகவதையைத் தடுக்கும் சட்டம் அவற்றுக்குப் பின்னால், 1907இல்தான் வந்து சேர்ந்தது. தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசாங்கம் கொள்கை வகுத்த 2006 வரை கொலையே நிவாரணமாக எண்ணப்பட்டது. அத்தகைய நாட்டில், வழியில் கிடந்த நாயொன்றை எடுத்துவந்து அதன் நெஞ்சுக்குள் இருக்கும் புழுவுக்கு மாதக்கணக்கில் வைத்தியம் செய்வது என்ற எண்ணமே புதியது.

இதயப்புழு எனப்படும் அந்தப் புழுவின் கதையோ பழையது. 1856இல் அமெரிக்கரான ஜோசப் லைடி அதற்குப் பெயரிட்டார். 1900இல் இத்தாலியரான கிராஸியும் நோயேயும் நுளம்பே அதைக் கடத்துகிறது என்று நிறுவினர். சுமார் 14 பாகை செல்சியசுக்குக் கீழே நுளம்பின் உடலில் அதன் குஞ்சு வளர்வதில்லை. கொஸ்லந்த போன்ற இடைநிலத்தில் அந்தக் குளிரை எதிர்பார்த்திருக்க முடியாது. நாயின் உடலில் புகுந்தபின் ஆறேழு மாதத்தில் முதிர்ந்து, ஒரு சாணுக்கு மேலும் நீண்டு, நுரையீரலுக்குச் செல்லும் நாடியிலும் இதயத்திலும் அது வருஷக்கணக்கில் குடியிருக்கும். விஷத்தையே ஔஷதமாக்கித்தான் அதைக் கொல்ல முயன்றார்கள்: 1930களில் அந்திமனிச் சேர்மங்கள், பின்னர் இரத்தக் குழாயில் ஏற்றும் ஆர்சனிக் மருந்து, 1990களில் இடுப்புத் தசையில் ஆழமாகப் போடும் மெலார்சோமின் என்னும் ஆர்சனிக் ஊசி. முதலில் டொக்ஸிசைக்ளின் கொடுத்துப் புழுவுக்குள் வாழும் கிருமியை ஒடுக்கி, பின்பு ஓர் ஊசியும், ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாட்களில் இரண்டு ஊசிகளும் போடுவது இன்றைய முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இலங்கை நாயின் இரத்தத் துளியில், நுண்ணோக்கியின் கீழ் நெளிவது பெரும்பாலும் இதயப்புழுவின் குஞ்சு அன்று. அதன் தாயாதியான திரோபிலாரியா ரெபென்ஸ் என்னும் தோலடிப் புழுவின் குஞ்சு. அது நுளம்பின் வழியே மனிதருக்கும், அதிலும் சிறு குழந்தைகளுக்கும், தோலிலோ கண்ணிமையிலோ கட்டியாகத் தோன்றுவதுண்டு. ஆகையால் நெளிவதைக் கண்ட மாத்திரத்தில் ஆர்சனிக்கைத் தேடி ஓடுவது பேதைமை; எந்தப் புழு என்று பிரித்தறியும் பரிசோதனையே முதற்காரியம்.

இதயப்புழுவே என்று உறுதியானால், ஊசி வைத்தியரின் வேலை. அதைவிடக் கடினமானது வீட்டாரின் வேலை. செத்த புழு துண்டுதுண்டாகி நுரையீரல் நாடியை அடைக்கும். நாய் ஓடினால், துள்ளினால் அந்த அபாயம் பன்மடங்காகும். எனவே ஊசிக் காலம் முழுதும், கடைசி ஊசிக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரம் வரையும், அதைக் கட்டியே வைத்திருக்க வேண்டும். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் லயத்தில் இது எளிதா? பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் இஸ்தோப்பு நீளத்துக்கும் ஓடிப்பிடித்து விளையாடும்போது, கயிற்றின் எல்லைவரை வந்து வாலாட்டி முனகும் நாயை அதட்டவும் மனம் வராது, அவிழ்க்கவும் கூடாது. மலஜலத்துக்கு மட்டும் கயிற்றோடு மெல்ல நடத்திச் செல்வதும், உறங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பார்ப்பதும், இருமலில் இரத்தம் கண்டால் அந்தக் கணமே வைத்தியரிடம் கொண்டுபோவதும் நாள்தோறும் தவறாமல் நடக்கவேண்டியவை. கடைசி ஊசிக்கு ஒன்பது மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் புழுவின் சுவடு இல்லையென்றால்தான் நாய் குணமானதாகக் கொள்வார்கள். அதற்குப் பின்னும், நுளம்பு இருக்கும்வரை, மாதந்தோறும் தடுப்பு மருந்து கொடுத்தே ஆகவேண்டும்.