அருவிக்கு மேலே ஓர் ஏரி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்றொரு சிற்றூர். அங்கே 186 அடி உயர அருவி. அதன் அடிவாரத்தில் ஒரு வேதாகமக் கல்லூரி, அருவிக்கு மேலே 40 ஏக்கர் ஏரி இருந்தது. ஏரியைத் தாங்கி நின்றது கெல்லி பார்ன்ஸ் அணை.

1899-இல் மின்சாரம் எடுக்கக் கல் அடுக்கிக் கட்டியதுதான் முதல் அணை. 1930-களின் பிற்பகுதியில் கல்லூரி அதன் மேலேயே மண் கொட்டிக் கரை போட்டது. உலகப் போர் முடிந்ததும் இன்னும் உயர்த்தியது. கடைசியில் உயரம் ஏறக்குறைய 40 அடி. வெளிச்சரிவோ ஓரடிக்கு ஓரடி என்ற அளவுக்குச் செங்குத்து. மண்கரை அந்தச் சாய்வில் நின்றதே பெரிது.

1957-இல் மின் உற்பத்தி நின்றது. இந்தக் கதையில், அணை உடைந்த 1977-ஐவிட முக்கியமான ஆண்டு இதுதான். பொறி ஓடுகிற அணையை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். நீந்தவும் தூண்டில் போடவும் மட்டும் என்றாகிவிட்ட ஏரியில் கரைப்பக்கம் யார் போவார்கள்? சரிவில் மரங்கள் வளர்ந்தன. கண்ணுக்கு அழகு, கரைக்குக் கேடு. வேர் மக்கிய வழியே நீர் கசியும். கசிவு தெளிவாக இருந்தால் சமாளிக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. 1973-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில், வெளிச்சரிவில் 12 அடி உயரம், 30 அடி அகலத்துக்கு மண் சரிந்து கிடக்கிறது.

1977 நவம்பரில் நாலு நாளில் 7 அங்குல மழை. அதில் பாதி, 5-ஆம் தேதி மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவுக்குள் கொட்டியது. அன்றிரவு தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இருவர் போய்ப் பார்த்து, பயமில்லை என்றார்கள். இருட்டில், கொட்டும் மழையில், கரையின் உள்நோய் எப்படித் தெரியும்? பின்னிரவு 1.30 மணிக்குக் கரை உடைந்தது. அருவி வழியே இறங்கிய வெள்ளம், கல்லூரிக் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்த டிரெய்லர் வீடுகளை வாரிக்கொண்டு போனது. இறந்தவர்கள் 39 பேர்; அதில் 20 பேர் குழந்தைகள்.

காரணம் இன்னதுதான் என்று விசாரணையில் ஒன்றைச் சுட்ட முடியவில்லை. செங்குத்துச் சரிவு, கசிவு, முன்பே மண் சரிந்த இடத்தின் பலவீனம் எல்லாமே சேர்ந்திருக்கலாம்.

அணைகளைச் சோதிக்க 1972-லேயே சட்டம் இருந்தது, பணம்தான் இல்லை. அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். அவர் உத்தரவிட்டதும் ராணுவப் பொறியாளர்கள் இறங்கி, 1981-க்குள் ஏறக்குறைய 9,000 அணைகளைச் சோதித்தார்கள். மூன்றில் ஒன்று பாதுகாப்பற்றது என்று தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் கண்ட குறை, பெருமழை நீரை வெளியேற்றப் போதுமான கலிங்கு இல்லாததுதான்.